இசைக்கென்று கட்டிய மேடை

பூங்காவில் இருக்கும் இசை மேடையை யாரும் சந்தேகத்தோடு பார்ப்பதில்லை. கோட்டை, நீதிமன்றம், சிறைச்சாலை இவற்றில் அதிகாரத்தின் முகத்தைப் பார்க்கப் பழகியிருக்கிறோம். நாலு மரம், ஒரு சின்ன மண்டபம், அதில் மாலை வேளையில் வாத்தியம் வாசிக்கும் சிலர், எதிரே குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கும் ஜனங்கள் – இதில் போய் அரசியலைத் தேடுவது வேலையற்ற வேலை என்றே தோன்றும். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேசம் தேசமாகப் பரவிய இந்த மேடையில் பெரும்பாலும் வாசித்தது பட்டாளத்து வாத்தியக் குழுதான். உடுப்பு அணிந்தவர்கள் மேலே நின்று வாசித்தார்கள். மற்றவர்கள் கீழே இருந்து கேட்டார்கள். கேட்கிறவன் பேசக்கூடாது என்பது அந்த ஏற்பாட்டின் முதல் விதி. மரியாதை என்ற பெயரில் வருவதால் அது விதியாகக் கண்ணில் படுவதில்லை.

கொரியாவின் தலைநகரான சியோலில், நகரத்தின் நடுமையத்தில், ஜோங்னோ கடைத்தெருவை ஒட்டி ஒரு பூங்கா இருக்கிறது. பரப்பு ஏறக்குறைய நாலு ஏக்கர். ஒரு பெரிய கல்லூரி மைதானத்துக்குள் அடங்கிவிடும். நீண்ட காலம் அதற்குப் பகோடா பார்க் என்று பெயர். 1990களின் தொடக்கத்தில் தப்கோல் பூங்கா என்று மாற்றினார்கள். கோபுரத் தெரு என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே பளிங்கில் செய்த ஒரு பத்துநிலைக் கோபுரம், ஆமையின் முதுகில் நிற்கும் ஒரு கல்வெட்டு, நடுவில் ஓட்டுக்கூரை போட்ட எண்கோண மண்டபம் ஒன்று. இந்த எண்கோண மண்டபம்தான் நமக்கு விஷயம். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் அரசவையின் வாத்தியக் குழு வாசிக்கும் மேடையாக இருந்தது. இன்று அதை யாரும் இசை மேடை என்று நினைப்பதில்லை. 1919 மார்ச் 1ஆம் தேதி பிற்பகல் அதன் படியில் ஒருவர் ஏறி நின்று ஒரு தாளைப் படித்தார் என்பதற்காகவே அது நினைக்கப்படுகிறது.

இந்த நாலு ஏக்கரின் சரித்திரத்தைக் கொஞ்சம் பின்னோக்கிப் படித்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. வார்த்தையை அடைத்தவர்கள் அதன் இடத்தில் இசையை வைத்திருக்கிறார்கள். எழுதுகிறவர்களுக்கு இதில் யோசிக்க நிறைய இருக்கிறது.

2

கோபுரம் எழுந்தது 1467இல். எழுப்பியவன் சேஜோ. 1455இல் அண்ணன் மகனான சிறுவன் தான்ஜோங்கிடமிருந்து சிம்மாசனத்தைப் பறித்தவன். இரண்டு ஆண்டுகளில் அந்தச் சிறுவன் உயிரோடு இல்லை. அப்போது ராஜ்யத்தின் சித்தாந்தம் கன்ஃபூஷியஸினுடையது. பௌத்தம் ஒடுக்கப்பட்ட மதம். அப்படியிருந்தும் சேஜோ தலைநகருக்கு உள்ளேயே வொன்காக்ஸா என்ற பௌத்தக் கோயிலைக் கட்டினான். பூரண ஞானத்தைப் பற்றிய ஒரு சூத்திரத்தின் பெயர் அதற்கு. கையில் ஒட்டிய ரத்தத்தைக் கழுவக் கட்டியது என்று சொல்கிறவர்கள் உண்டு. மன்னர்களின் மனசாட்சியைப் பற்றி நாம் எதுவும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. கல் மட்டும் நிச்சயம்.

இவனுடைய தகப்பன்தான் கொரிய மொழிக்கு எழுத்துக் கண்ட சேஜோங். 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்ட அந்த எழுத்தை, சீன எழுத்தில் ஊறிய பண்டிதர்கள் பொருட்படுத்தவில்லை. பெண்களுக்கும் பாமரர்களுக்கும் உரியது என்று ஒதுக்கினார்கள். சேஜோ இளவரசனாக இருந்தபோது அந்தப் புது எழுத்தில் புத்தரின் வாழ்க்கையை எழுதினான். மன்னனானபின் 1461இல் சூத்திரங்களை அதே எழுத்தில் பெயர்த்து அச்சிட ஓர் அலுவலகமே வைத்தான். கொலைகாரனாக இருக்கலாம்; ஆனால் சாமானியனின் எழுத்துக்கு அரண்மனையில் இடம் கொடுத்தவன். மனிதர்கள் இப்படித்தான் கலவையாக வருகிறார்கள்.

கொள்ளுப்பேரன் யொன்ஸான் வேறு தினுசு. 1504இல் அவனுடைய அட்டூழியங்களைக் கண்டித்து, அந்த எளிய எழுத்திலேயே எழுதிய அநாமதேயப் பிரசுரங்கள் சியோலில் தலைகாட்டின. எழுதியவனைக் கண்டுபிடிக்க முடியவில்லை. எனவே எழுத்தைத் தண்டித்தான். இனி யாரும் அதைக் கற்பிக்கக்கூடாது, கற்கக்கூடாது, கற்றவர்கள் உபயோகிக்கக்கூடாது என்று ஆணை. அவன் ஆட்சியின் இந்தக் கடைசிக் காலத்திலேயே வொன்காக்ஸாவிலிருந்து பிட்சுக்கள் துரத்தப்பட்டார்கள். கோயில், அரசனின் ஆடல் பாடல் மகளிருக்கும் வாத்தியக்காரர்களுக்குமான காரியாலயமாகியது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் பெண்கள் கொண்டுவரப்பட்டார்கள்.

இந்த இரண்டு காரியங்களையும் சரித்திர ஆசிரியர்கள் ஒரு கொடுங்கோலனின் இரண்டு கிறுக்குகளாகத் தனித்தனியே சொல்வார்கள். எனக்கு இவை ஒரே காரியத்தின் இரண்டு பக்கங்கள். எழுத்தை மூடிய கை இசையைத் திறந்தது. இசை மேல் அவனுக்கு ரசனை இல்லை என்று சொல்லவில்லை, இருந்திருக்கலாம். ரசனை உள்ள கொடுங்கோலர்கள் சரித்திரத்தில் அபூர்வமல்ல. வார்த்தை திருப்பிக் கேட்கும், வார்த்தைக்கு அர்த்தம் உண்டு, அர்த்தத்துக்கு முகவரி உண்டு. இசையிடம் இந்தத் தொந்தரவு இல்லை என்று அவன் நம்பினான். அவ்வளவுதான்.

1506இல் அவனைக் கீழே இறக்கினார்கள். கோயில் திரும்ப எழவில்லை. மரக்கட்டடங்களைப் பிரித்துக் கொண்டுபோனார்கள். கோபுரமும் கல்வெட்டும் மிஞ்சின. கோபுரத்தின் மேல் மூன்று நிலைகள் எப்போதோ கீழே இறங்கி நெடுங்காலம் தரையில் கிடந்தன. 1946இல் அமெரிக்கப் பட்டாளத்துப் பொறியாளர்கள் தூக்கி வைத்தார்கள். அதுவரை அது ஏழுநிலைக் கோபுரமாகவே நின்றது.

3

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தக் கோபுரத்தைச் சுற்றியிருந்த வீடுகளில் ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்தது. பாக் ஜிவோன் 1768இல் இங்கே குடிவந்தார். யீ தொக்மு, பாக் ஜேகா, யூ துக்கோங் ஆகியோர் அவரைச் சுற்றி இருந்தவர்கள். வெள்ளைக் கோபுரத்துக்காரர்கள் என்று பின்னால் பெயர் வந்தது. கடைசி மூவரும் உயர்குடித் தகப்பன்மாருக்கு மணவாழ்க்கைக்கு வெளியே உண்டான கிளைகளில் வந்தவர்கள். படிப்பு உண்டு, பதவி கிடையாது. சட்டமே அப்படி. எழுதுவதற்கு வேண்டிய சகல தகுதியும் இருந்தும் எழுத்தால் எதுவும் ஆகாது என்று முன்கூட்டியே நிச்சயிக்கப்பட்டவர்கள்.

யீ தொக்மு தன்னைத்தானே புத்தகப் பைத்தியம் என்று சொல்லிக்கொண்டவர். பசி தாங்காமல் ஒருநாள் வீட்டிலிருந்த மென்ஷியஸ் நூலை விற்று அரிசி வாங்கிச் சாப்பிட்டார். நண்பன் யூ துக்கோங்கிடம் போய் இதைப் பெருமையாகச் சொன்னார். அவரும் தன் பங்குக்கு ஒரு பழைய நூலை விற்று மது வாங்கி ஊற்றினார். மென்ஷியஸே கையால் சோறு போட்டதாக இருவரும் சிரித்துக்கொண்டார்கள். இதை யீ தொக்மு ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

இவர்களில் நாலு பேரின் கவிதைகளைத் தொகுத்து, யூ துக்கோங்கின் சிற்றப்பன் 1776இல் பீக்கிங் கொண்டுபோனார். அங்கே சீன அறிஞர்கள் படித்துப் பாராட்டினார்கள். சொந்த ஊரில் கவனிக்க ஆளில்லை. வெளியூர்க்காரன் கண்ணில் பட்டபின் ஊர் விழித்துக்கொண்டது. 1779இல் மன்னன் சோங்ஜோ யீ, பாக் ஜேகா, யூ மூவரையும் அரண்மனை நூலகத்தில் பிரதிகளைச் சரிபார்க்கும் சிறு உத்தியோகத்தில் அமர்த்தினான். 

கோயில் போய் மேடை வருவதற்கு இடைப்பட்ட நூற்றாண்டுகளில் இந்த இடம் இப்படி இருந்தது. உடைந்த கோபுரத்தின் அடியில், அதிகாரம் கவனிக்காத நாலைந்து பேர் ஒருவருக்கொருவர் எழுதிப் படித்துக்கொண்டிருந்தார்கள். மேடையும் இல்லை, கூட்டமும் இல்லை. இங்கே வார்த்தை சுதந்திரமாக இருந்த காலம் இதுதான் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் யாரும் கேட்காத சுதந்திரம் அது. இந்தக் குறையை மறைக்கக்கூடாது.

4

1897இல் மன்னன் கோஜோங் தன்னைச் சக்ரவர்த்தியாக அறிவித்துக்கொண்டார். சீனா தளர்ந்திருந்தது. ஜப்பானும் ரஷ்யாவும் இரண்டு பக்கமும் காத்திருந்தன. தான் ஒரு நவீன சாம்ராஜ்யம் என்று கொரியா உலகத்துக்குக் காட்டவேண்டியிருந்தது. டிராம் வண்டி வந்தது, மின்விளக்கு வந்தது. சுங்க இலாகாவை நடத்திக்கொண்டிருந்த ஐரிஷ்காரர் மக்லீவி ப்ரௌனின் யோசனைப்படி, கோபுரத்தைச் சுற்றியிருந்த வீடுகளை அப்புறப்படுத்தி மேலைநாட்டு முறையில் ஒரு பூங்கா திட்டமிடப்பட்டது.

அதே சமயத்தில் அதே ஜோங்னோ தெருவில் வேறொன்றும் நடந்தது. 1898 மார்ச் முதல் பத்தாயிரம் பேர் கூடும் பொதுக்கூட்டங்கள். அந்நிய நாடுகளுக்குச் சலுகை கொடுக்கக்கூடாது, ஜனங்களின் குரலைக் கேட்கும் சபை வேண்டும் என்ற கோரிக்கைகள். அக்டோபர் 29ஆம் தேதி மந்திரிகளும் வந்திருந்த கூட்டத்தில் பேசியவர்களில் ஒருவர் பாக் ஸோங்ஜுன். கசாப்புத் தொழில் செய்த, தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்டிருந்த வகுப்பைச் சேர்ந்தவர். அவர் மந்திரிகளுக்கு முன்னால் தெருவில் நின்று தேசத்தைப் பற்றிப் பேசினார். கொரியாவின் சரித்திரத்தில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. டிசம்பரில் சக்ரவர்த்தி பட்டாளத்தையும் கூலியாட்களையும் ஏவிக் கூட்டங்களைக் கலைத்தார். சங்கம் கலைக்கப்பட்டது. தலைவர்கள் சிறைக்குப் போனார்கள்.

பிறகு இசை வந்தது. 1901 பிப்ரவரியில் ஃப்ரான்ஸ் எக்கெர்ட் என்ற ஜெர்மானியர் சியோலுக்கு வந்து சேர்ந்தார். ஏறக்குறைய ஐம்பது பேர் கொண்ட அரசாங்க வாத்தியக் குழுவைப் பயிற்றுவித்தார். கோஜோங் பட்டமேற்ற நாற்பதாம் ஆண்டு விழாவை ஒட்டி, 1902 வாக்கில் பூங்காவில் எண்கோண மண்டபம் எழுந்தது. வாத்தியக் குழுவின் ஜாகையும் அருகிலேயே அமைந்தது. வியாழக்கிழமைகளில் கச்சேரி. சியோல்வாசிகளும் வெளிநாட்டுத் தூதரகத்துக்காரர்களும் வந்து கேட்டார்கள். பித்தளை வாத்தியங்களின் ஓசையை அந்த நகரம் திறந்தவெளியில் கேட்டுப் பழகியது இங்கேதான்.

நாலு வருஷம் முன்பு தெருவில் பேசியவனின் வாயை மூடிய அரசு, கூப்பிடு தூரத்தில் அவன் காதுக்கு விருந்து வைத்தது. யொன்ஸானையும் கோஜோங்கையும் ஒரே தட்டில் வைக்கமுடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். முன்னவன் வெறியன். பின்னவர் நாலு பக்கமும் நெருக்கப்பட்ட பலவீனமான மனிதர். ஆனால் பழக்கம் ஒன்றுதான். பொது இடத்தில் ஜனங்கள் கூடவேண்டும்; ஆனால் கேட்பவர்களாகக் கூடவேண்டும்.

எக்கெர்ட்டின் கதை தனியாகவே எழுதத் தகுந்தது. 1879இல் ஜப்பானுக்கு வந்து அங்கே கடற்படை வாத்தியக் குழுவைப் பயிற்றுவித்தவர். ஜப்பானின் தேசிய கீதமான கிமிகாயோவுக்கு மேலைநாட்டு முறையில் சுருதி இணைவு அமைத்தது இவரே. சியோலுக்கு வந்தபின் கொரிய சாம்ராஜ்யத்தின் கீதத்துக்கும் இவரே இசையமைத்தார். 1902இல் அது அதிகாரபூர்வமாகியது. 1907இல் ஜப்பானின் நெருக்குதலில் கொரியப் பட்டாளம் கலைக்கப்பட்டது. 1910இல் தேசமே ஜப்பானோடு இணைக்கப்பட்டது. கொரிய கீதம் தடை செய்யப்பட்டது; கிமிகாயோ கட்டாயமாகியது. தடை செய்யப்பட்ட கீதமும் கட்டாயமாக்கப்பட்ட கீதமும் ஒரே கையின் வேலை. அந்தக் கை 1916 ஆகஸ்டில் சியோலிலேயே ஓய்ந்தது. ஹான் நதிக் கரையில், அந்நியர்களின் இடுகாட்டில் அவர் கல்லறை இருக்கிறது.

இசைக்கு அர்த்தம் கிடையாது, எனவே ஆபத்தும் கிடையாது என்று நினைத்தவர்கள் ஒரு கீதத்தைத் தடை செய்ய நேர்ந்தது. அர்த்தத்தை மெட்டிலிருந்து விலக்கி வைக்க யாராலும் முடியவில்லை.

5

1919 ஜனவரியில் கோஜோங் இறந்தார். ஜப்பானியர் விஷம் வைத்தார்கள் என்ற வதந்தி நாடெங்கும் பரவியது. மார்ச் 3ஆம் தேதி இறுதிச் சடங்கு. கிராமங்களிலிருந்து ஜனங்கள் வெள்ளை உடையில் சியோலுக்கு வந்துகொண்டிருந்தார்கள். இந்தச் சந்தர்ப்பத்தில் சுதந்திரப் பிரகடனம் ஒன்றை வெளியிட மதத் தலைவர்கள் கூடித் தீர்மானித்தார்கள். கையெழுத்திட்டவர்கள் முப்பத்து மூன்று பேர். சோந்தோக்யோ என்ற உள்நாட்டு மதத்தைச் சேர்ந்தவர்கள் பதினைந்து, கிறிஸ்தவர்கள் பதினாறு, பௌத்தர்கள் இரண்டு. தலைவர் ஸோன் ப்யோங்ஹி.

பிரகடனத்தை எழுதியவர் சோய் நாம்ஸோன். அப்போது இருபத்தெட்டு வயது. 1908இல், பதினெட்டு வயதில், ‘ஸோன்யொன்’ என்ற பத்திரிகையைத் தொடங்கி, கொரிய மொழியில் புதுக்கவிதைக்கு முதல் அடி எடுத்துவைத்தவர். சீன எழுத்தும் கொரிய எழுத்தும் கலந்த கனமான நடையில் பிரகடனத்தை எழுதினார். ஆனால் கையெழுத்திடவில்லை. தான் கல்விமானாகவே இருக்க விரும்புவதாகச் சொல்லி ஒதுங்கிக்கொண்டார். சுமார் 21,000 பிரதிகள் ரகசியமாக அச்சாயின.

இன்னொரு தேதியையும் இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். பிரகடனத்துக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, பிப்ரவரி 1ஆம் தேதி, டோக்கியோவில் ‘சாங்ஜோ’ முதல் இதழ் வெளிவந்தது. கொரிய மொழியின் முதல் இலக்கியச் சிறுபத்திரிகை. கிம் தோங்இன், ஜூ யோஹான் முதலிய மாணவர்கள் நடத்தியது. இலக்கியம் உபதேசத்துக்கு வேலைக்காரி அல்ல என்பது கிம் தோங்இன்னின் கட்சி. அந்தக் கட்சிக்காரர் ஊர் திரும்பி, மார்ச் மாதத்திலேயே, தம்பிக்காக ஒரு துண்டுப்பிரசுரம் எழுதிக்கொடுத்துச் சில மாதங்கள் சிறையில் இருந்தார். தூய இலக்கியமா சமுதாய இலக்கியமா என்ற நம்மூர்ச் சண்டையில் எந்தக் கட்சியில் இருப்பவரும் இந்தச் சம்பவத்தைத் தன் பக்கத்துக்கு முழுசாக இழுத்துக்கொள்ள முடியாது.

மார்ச் 1, பிற்பகல் 2 மணிக்குப் பூங்காவில் பிரகடனம் வாசிக்கப்படவேண்டும் என்பது ஏற்பாடு. முந்தின இரவு தலைவர்கள் இடத்தை மாற்றினார்கள். கூட்டம் கட்டு மீறினால் ரத்தம் சிந்தும் என்ற பயம். நியாயமான பயம். பூங்காவிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி இருந்த தேஹ்வாக்வான் என்ற உணவு விடுதியில் இருபத்தொன்பது பேர் கூடினார்கள். போலீசுக்குத் தாங்களே சொல்லி அனுப்பினார்கள். ஹான் யோங்உன் என்ற பௌத்தத் துறவி சில வார்த்தைகள் பேசினார். எல்லோரும் கோஷமிட்டார்கள். போலீஸ் வந்தது. கைதானார்கள்.

பூங்காவில் நாலைந்தாயிரம் பேர் காத்திருந்தார்கள். பெரும்பாலும் மாணவர்கள். தலைவர்கள் வரவில்லை. மாணவர் பிரதிநிதிகள் விடுதிக்குப் போய் அழைத்தும் பார்த்தார்கள். பயனில்லை. அப்போது ஒருவர் எண்கோண மண்டபத்தில் ஏறிப் பிரகடனத்தை வாசித்தார். ஜோங் ஜேயோங் என்று பெயர். ஹேஜூவிலிருந்து வந்திருந்தவர், வயது முப்பத்திரண்டு. கையெழுத்திட்டவர்களில் ஒருவர் அல்ல. எழுத்தாளரும் அல்ல. வாசித்தவர் இன்னொருவர் என்று வேறு பெயர்கள் சொல்லப்பட்டதும் உண்டு. எழுதியவனின் பெயரில் யாருக்கும் சந்தேகமில்லை; வாசித்தவனின் பெயரில்தான் சர்ச்சை.

அந்த உரைநடையை அன்று அங்கே கேட்டவர்களில் எத்தனை பேர் வார்த்தை வார்த்தையாகப் புரிந்துகொண்டிருப்பார்கள்? சீனச் சொற்கள் அடர்ந்த நடை. கண்ணால் படிப்பதற்கே சிரமமானது. காதால் பிடிப்பது இன்னும் கடினம். ஒலிபெருக்கி கிடையாது. பின்வரிசையில் நின்றவனுக்கு ஒரு குரல் ஏறி இறங்குவது மட்டுமே கேட்டிருக்கும். முடிந்ததும் கூட்டம் ‘மான்ஸே’ என்று முழங்கியது. பத்தாயிரம் ஆண்டு வாழ்க என்று பொருள். அதுவரை மன்னர்களுக்கு உரிய வாழ்த்து. மன்னன் பிணமாகக் கிடக்கும் ஊரில் அதைத் தங்களுக்கே சொல்லிக்கொண்டார்கள். பிறகு தெருவில் இறங்கினார்கள்.

வார்த்தைக்கு எதிராக இசை என்று இதுவரை நான் வைத்துவந்த எதிர்நிலை இங்கே ஆட்டம் காண்கிறது. வார்த்தை அன்று இசையின் மேடையில் ஏறியது மட்டுமல்ல, பாதி இசையாகவே கேட்கப்பட்டது. ஒரு குரலின் ஏற்ற இறக்கம், அதற்குப் பதிலாக ஒரே சொல், ஆயிரக்கணக்கான வாய்கள். யொன்ஸான் எழுத்தை மூடிவிட்டு எதைத் திறந்துவிட்டானோ, அது நானூறு வருஷம் கழித்து எழுத்தைத் தோளில் சுமந்துகொண்டு திரும்பி வந்தது. மாறியது ஒன்றுதான். மேலே நின்றவன் உடுப்பு அணிந்திருக்கவில்லை. கீழே நின்றவர்கள் பேசினார்கள்.

அடுத்த வாரங்களில் நாடு முழுவதும் ஊர்வலங்கள். பாக் உன்ஸிக் என்ற சரித்திர ஆசிரியர் தந்த கணக்கில் கொல்லப்பட்டவர்கள் ஏழாயிரத்து ஐந்நூறுக்கும் மேல். ஜப்பானிய அரசின் கணக்கில் 553. இரண்டு எண்களுக்கும் இடையில் உள்ள தூரம் அந்த ஆட்சியைப் பற்றிய ஒரு வாசகம்.

6

எழுத்தாளர்கள் என்ன ஆனார்கள்?

சோய் நாம்ஸோன் கையெழுத்திடாவிட்டாலும் தப்பவில்லை. சிறை சென்று 1921இல் வெளிவந்தார். 1928இல் காலனி அரசு கொரியாவின் சரித்திரத்தைத் தொகுக்க அமைத்த குழுவில் சேர்ந்தார். மஞ்சூரியாவில் ஜப்பானியர் நிறுவிய சர்வகலாசாலையில் பேராசிரியரானார். 1943இல் டோக்கியோவுக்குப் போய், கொரிய மாணவர்கள் ஜப்பானியப் பட்டாளத்தில் தாமாகச் சேரவேண்டும் என்று பிரசாரம் செய்தார். விடுதலைக்குப்பின், 1949இல், தேசத்துரோக விசாரணையில் நிறுத்தப்பட்டார். 1957இல் இறந்தார். டோக்கியோ மாணவர்கள் 1919 பிப்ரவரி 8ஆம் தேதி வெளியிட்ட பிரகடனத்தை எழுதிய நாவலாசிரியர் யீ க்வாங்ஸுவும் பின்னால் இதே பாதையில் போனார். ‘சாங்ஜோ’க்காரர்களும் போனார்கள்.

ஹான் யோங்உன் போகவில்லை. மூன்று வருஷம் சிறையில் இருந்தார். 1926இல் ‘நிம்உய் சிம்முக்’ – தலைவனின் மௌனம் – என்ற கவிதைத் தொகுதி. கடைசிக் காலத்தில் கட்டிக்கொண்ட வீட்டின் வாசல் வடக்கு பார்த்தது. தெற்கே வைத்தால் காலனி அரசின் தலைமை அலுவலகம் கண்ணில் படும் என்பதற்காக என்று சொல்வார்கள். வெயில் படாத வீடு. விடுதலைக்கு ஓராண்டு முன்பு, 1944இல் இறந்தார்.

இதைக்கொண்டு ஒருவனை நல்லவன், ஒருவனைத் துரோகி என்று அடையாளச்சீட்டு ஒட்டி முடித்துக்கொள்வது எளிது. நம் சூழலில் அப்படித்தான் செய்வோம். எனக்கு உறுத்துவது வேறு. சோய் நாம்ஸோனின் பிற்கால நடத்தை அவருடைய பிரகடனத்தைக் கறைப்படுத்தவில்லை. ஏன்? 1919 மார்ச் 1ஆம் தேதி பிற்பகலில் அது அவரிடமிருந்து போய்விட்டது. பெயர் வெளியே தெரியாத ஒருவர் வெட்டவெளியில் உயிரைப் பணயம் வைத்து அதை உரக்க வாசித்த கணத்தில் அதன் சொந்தக்காரர் மாறிவிட்டார். எழுதியவர் பிறகு அதை மறுக்கலாம், விற்கலாம், வெட்கப்படலாம். அவருக்கு இனி அதன்மேல் பாத்தியதை இல்லை.

எழுத்து எழுதி முடித்ததும் பூர்த்தியாகிவிடுகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். முந்நூறு பிரதி அச்சிட்டுச் சந்தாதாரர்களுக்குத் தபாலில் சேர்த்ததும் கடமை தீர்ந்தது. வாசிப்பவனை நாம் பொறுத்துக்கொள்கிறோம், மதிப்பதில்லை. வெள்ளைக் கோபுரத்துக்காரர்களின் தனிமை மேல் நமக்கு இருக்கும் மோகம் அந்த மண்டபத்துப் படியின் மேல் இல்லை. எல்லா எழுத்தும் மேடையேற வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. மேடைப் பேச்சு தமிழை என்ன செய்தது என்பதை இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சொல்லவருவது இவ்வளவுதான்: ஒரு எழுத்தைத் தன் குரலில் எடுத்துக்கொள்கிறவன் எழுதியவனைவிடக் குறைந்தவன் அல்ல. சில சமயம் அவன்தான் அதற்கு விலை கொடுக்கிறான்.

7

பிறகு எல்லோரும் அந்தப் பூங்காவுக்கு உரிமை கொண்டாடினார்கள். எக்கெர்ட்டின் சீடர் பெக் உயோங் 1920களில் அரச ஆதரவு இல்லாத ஒரு குழுவோடு அங்கே கச்சேரிகளைத் தொடர்ந்தார். 1956இல் ஜனாதிபதி ஸிங்மன் ரீ உயிரோடு பதவியில் இருக்கும்போதே அவருக்குப் பூங்காவில் சிலை எழுந்தது. 1960 ஏப்ரல் 26ஆம் தேதி, மாணவர் எழுச்சியில் அவர் வீழ்ந்த அன்று, ஜனங்கள் அந்தச் சிலையைக் கவிழ்த்துக் கயிறு கட்டித் தெருவில் இழுத்துப் போனார்கள். 1966இல் ஸோன் ப்யோங்ஹிக்குச் சிலை வந்தது. 1967இல் பூங்காவைச் சுற்றிக் கடைகளின் வரிசை எழுந்தது; 1983இல் இடிக்கப்பட்டது. வாயிலில் இருந்த பெயர்ப்பலகை ராணுவ ஆட்சியாளர் பாக் சுங்ஹீயின் கையெழுத்து. ஜப்பானியரின் கீழ் மஞ்சூரியப் பட்டாளத்தில் அதிகாரியாக இருந்தவரின் எழுத்து சுதந்திரப் பிரகடனத்தின் வாசலில் எப்படி என்று கேட்டு, 2001இல் சிலர் அதைப் பிடுங்கிப் போட்டார்கள். கோபுரம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. அமிலமழையிலிருந்தும் புறாக்களின் எச்சத்திலிருந்தும் காப்பாற்ற.

இதற்கிடையில் வயதானவர்கள் வந்து சேர்ந்தார்கள். 1997 பொருளாதார நெருக்கடிக்குப்பின் இன்னும் அதிகமாக. போக இடமில்லாதவர்கள், இலவசச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பவர்கள், சதுரங்கம் ஆடுபவர்கள், ஆடுபவனுக்குப் பின்னால் நின்று யோசனை சொல்பவர்கள், அரசியல் பேசிக் குரல் உயர்த்துபவர்கள். அந்தப் பூங்காவில் கடைசியாக மிஞ்சியிருந்த பேச்சு அவர்களுடையது. 2002 வாக்கில் பூங்காவைப் புனிதத் தலமாக்கும் திருப்பணி நடந்தது. ஆசனங்கள் குறைந்தன, கட்டுப்பாடுகள் கூடின. 2025இல் சதுரங்கப் பலகைகளும் அப்புறப்படுத்தப்பட்டன. சரித்திரச் சின்னத்தின் கௌரவம் காரணமாகச் சொல்லப்பட்டது. குடித்துவிட்டுச் சண்டையிடுகிறவர்கள் இருந்தார்கள் என்பதும் உண்மைதான்.

யொன்ஸான் வார்த்தையை எடுத்துவிட்டு இசையைத் தந்தான். கோஜோங்கும் அதையே கொஞ்சம் நாகரிகமாகச் செய்தார். புனிதம் எதையும் பதிலுக்குத் தருவதில்லை. பேசியதற்காகப் புகழ்பெற்ற மண்டபத்தைச் சுற்றி அமைதி காக்கும்படி கேட்கிறது.

பூங்காவின் பின்புறம், வடக்கே, நாக்வொன் வணிக மாளிகை என்று ஒரு பழைய கட்டடம் தெருவுக்கு மேலாகவே கால் பரப்பி நிற்கிறது. 1960களின் கடைசியில் கட்டியது. இடிக்கப்பட்ட பூங்காக் கடைகளிலிருந்த வாத்திய வியாபாரிகள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். இரண்டாம் மாடி முழுக்கக் கிடார்களும் சாக்ஸஃபோன்களும் ட்ரம்பெட்டுகளும். வாங்க வருகிறவன் ஊதிப் பார்க்காமல் வாங்குவதில்லை. யாருக்காகவும் அல்லாத அந்தச் சிதறிய சப்தங்களுக்கு மேடையும் இல்லை, விழாவும் இல்லை. தடை செய்யவும் அவற்றில் எதுவும் இல்லை, இப்போதைக்கு.